தறிக்காரரிடம் என்ன சொல்ல வேண்டும்?

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "மூத்த பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். முகூர்த்தப் புடவையைக் கடையில் பொறுக்காமல், காஞ்சிபுரத்தில் சொல்லி நெய்து வாங்க வேண்டும் என்று ஆசை. அங்கே போய் என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. உங்கள் பகுதியில் எழுதுவீர்களா?"

எழுதாமல் என்ன! காஞ்சிபுரத்தில் வாழ்க்கைப்பட்டு 35 வருஷம் ஆகிறது. தினமும் தறிச் சத்தத்தில்தான் கண் விழிக்கிறேன். ஆனால் சகோதரி, இந்த விஷயத்தில் எனக்குப் புத்தி வந்த கதை கொஞ்சம் வெட்கமான கதை. அதைச் சொல்லிவிட்டுத்தான் யோசனை சொல்ல எனக்கு யோக்கியதை.

இருபது வருஷத்துக்கு முன்னால் என் நாத்தனார் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. "உள்ளூர்லே இருக்கே, புடவை உன் பொறுப்பு" என்று என்னிடம் விட்டுவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளையார்பாளையத்தில் தெரிந்த ஒரு நெசவாளர் வீட்டு வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டு வந்தேன்:

"மாம்பழக் கலர் உடம்பு, அரக்கு பார்டர். நல்லா கிராண்டா இருக்கட்டும்."

அவர் கேட்டார்: "எந்த மாம்பழம்மா? பங்கனபள்ளியா, செந்தூராவா?"

நான் சிரித்தேன். "மாம்பழம்னா மாம்பழம்தான்! உங்களுக்குத் தெரியாததா? நீங்களே பார்த்துச் செய்யுங்கண்ணே."

"கரை எவ்வளவு அகலம் வைக்கட்டும்?"

"கிராண்டாத்தான்!"

நாற்பது நாள் கழித்துப் புடவை வந்தது. குறை சொல்ல முடியாத நெசவு. ஆனால் என் மனசில் இருந்தது செந்தூரா, லேசாகச் சிவப்போடிய பொன் நிறம். வந்ததோ பளிச்சென்ற பங்கனபள்ளி மஞ்சள். கரை இரண்டு பக்கமும் ஒரு சாணுக்கு மேல். கல்யாணப் பெண்ணோ ஐந்தடி கூட இல்லை, கொடி போல் உடம்பு. மேலே போர்த்திப் பார்த்தால் புடவைதான் தெரிந்தது, பெண்ணைக் காணோம்! "இது வேண்டாம்" என்று திருப்பிவிட்டேன். முன்பணம் கொஞ்சம்தான் கொடுத்திருந்தேன். அது போனால் போகிறது என்று கடையில் வேறு புடவை எடுத்தோம்.

அந்த வீட்டம்மா ஒன்றும் சண்டை போடவில்லை. "அக்கா, நாங்க கேட்டோமே..." என்று மட்டும் சொன்னாள். நூல் சுற்றியதும், தறியில் மறுபக்கம் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளியதும் அவள்தான். ஜரிகை கடனுக்கு வாங்கினது. புடவையைப் பாதி விலைக்கு ஒரு வியாபாரியிடம் தள்ளினார்களாம். அந்தத் தீபாவளிக்கு அந்த வீட்டில் யாருக்கும் புதுத்துணி இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. பட்டு நெய்கிற வீட்டில்!

தப்பு அவர் கையில் இல்லை. என் வாயில் இருந்தது.

டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை, நல்ல மருந்தா கொடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவோமா? எங்கே வலி, எத்தனை நாளாக, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஒன்றுவிடாமல் சொல்கிறோம் அல்லவா? வீடு கட்டும் இஞ்சினீயரானாலும், நகை செய்யும் பத்தரானாலும், பத்திரிகை அச்சடிப்பவரானாலும் இதே நியாயம்தான். பெரிய கம்பெனிகள் ஒரு டிசைனரிடம் வேலை கொடுக்கும் முன் தேவைகளை எழுதித் தருகிற காகிதத்துக்கு 'பிரீஃப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் பெயரெல்லாம் வைக்க வேண்டாம். ஒரு சீட்டு எழுதத் தெரிந்தால் போதும்.

தறி எப்படி நடக்கிறது?

முதலில் இதைத் தெரிந்துகொண்டால் பாதி மனஸ்தாபம் குறையும். நாம் சொல்வது ஒரே ஆளின் காதோடு நிற்பதில்லை. நாம் சொசைட்டியிலோ, கடையிலோ, தறி வைத்து நடத்தும் முதலாளியிடமோ சொல்கிறோம். அவர் சாயக்காரரிடம் சொல்கிறார். டிசைன் போடுபவர் வேறு. பாவு தயார் செய்கிறவர் வேறு. கடைசியில்தான் நெசவாளர். வாய்ச்சொல் ஐந்து பேரைத் தாண்டி வருவதற்குள் செந்தூரா பங்கனபள்ளி ஆவதில் ஆச்சரியம் என்ன? சீட்டு அப்படி மாறாது. எந்தக் கைக்குப் போனாலும் ஒரே சேதிதான்.

அடுத்தது, பாவு. நீளவாக்கில் ஓடும் நூல் பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. பாவைச் சாயம் போட்டுத் தறியில் ஏற்றியபின் அதன் நிறத்தை மாற்ற வழியே இல்லை. பெரும்பாலும் ஒரு பாவில் மூன்று ஆறு கஜப் புடவை வரும். ஆகவே நாம் கேட்கும் தனி நிறத்துக்காக ஏற்றின பாவில் நம்முடையது போக இன்னும் இரண்டு புடவை மிச்சம். அதை யார் வாங்குவது? இதை யோசிக்காமல் "எனக்கு மட்டும் தனிக் கலர்" என்று கேட்டுவிட்டு, விலை கூடுதலாகச் சொல்கிறார்களே என்று கோபித்துக்கொள்கிறோம். அக்கா, தங்கை, சம்பந்தி என்று மூன்று பேராகச் சேர்ந்து சொன்னால் எல்லோருக்கும் லாபம். பாவு ஒன்றானாலும், ஊடையின் நிறத்தை மாற்றினால் மூன்றும் வேறு வேறு சாயலில் வரும்.

மூன்றாவது, கோர்வை. உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று அசல் காஞ்சிபுரம் நெசவில் வருகிறதே, அது மூன்று நாடாக்களால் நெய்வது. உடம்புக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் இரண்டு. உடம்பின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அதற்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒரு காலத்தில் இந்த இரண்டாவது இடத்தில் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள் என்பது இந்த ஊரின் சோகம். முந்தியின் பாவு வேறு நிறமாக வேண்டுமென்றால், உடம்பின் பாவு இழைகளோடு முந்தியின் இழைகளைச் சேர்த்து நெய்கிறார்கள். அதற்கு பேட்னி என்று பெயர். 'காண்ட்ராஸ்ட் முந்தி' என்று நாம் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அங்கே அது ஆயிரக்கணக்கான இழைகளின் வேலை.

சரி, சீட்டில் என்ன எழுதுவது?

1. யார், எப்போது, எவ்வளவு நேரம்?

நிறத்தில் ஆரம்பிக்காதீர்கள், கட்டப்போகிற பெண்ணில் ஆரம்பியுங்கள். அவள் உயரம் என்ன, உடல்வாகு எப்படி, மாநிறமா, சிவப்பா? கல்யாணம் எந்த மாதம்? ஹோமத்தின் முன் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும்? நல்ல பட்டு முக்கால் கிலோ இருக்கும், ஜரிகை கூடினால் அதற்கும் மேல். வைகாசி வெயிலில், புகை நடுவில், காலையிலிருந்து சரியாகச் சாப்பிடாத பெண் அதைச் சுமக்க வேண்டும். மேடையில் மயங்கி விழுந்த பெண்களை நானே பார்த்திருக்கிறேன். வெயில் காலமென்றால் "எடை குறைவாக, உடம்பில் ஜரிகை குறைவாக" என்று எழுதுங்கள். ஜரிகை நெருக்கமாக இருந்தால் தோலை உரசும். ரவிக்கைத் துண்டில் கைக்கு வரும் கரை மட்டும் ஜரிகையாக இருந்தால் போதும்.

2. அளவு

ஆறு கஜமா, ஒன்பது கஜமா? "முகூர்த்தப் புடவை" என்று மட்டும் எழுதினால் அவர்கள் ஆறு கஜம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மடிசார் கட்டுகிற வீட்டில் கல்யாணத்துக்கு முதல் நாள்தான் தலையில் கை வைப்பார்கள். மூன்று ஆறு கஜம் வரும் பாவில் ஒன்பது கஜம் இரண்டுதான் வரும். ஆகையால் இதைப் பாவுக்கு முன்பே சொல்ல வேண்டும். ரவிக்கைத் துண்டு சேர்த்தா, தனியா என்பதும் எழுத வேண்டும். கரையின் அகலத்தை "பெரிசு, சின்னது" என்று சொல்லாமல் அங்குலத்தில் சொல்லுங்கள். குள்ளமான பெண்ணுக்கு மூன்று, நான்கு அங்குலத்துக்கு மேல் போனால் கொசுவத்தில் கரை மட்டும்தான் தெரியும். ஒரு பக்கம் பெரிய கரை, மறுபக்கம் சின்னக் கரை என்றும் கேட்கலாம்.

3. நிறம்

இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம், என்னையும் சேர்த்து! மாம்பழம், வெங்காயச் சருகு, மயில் கழுத்து, வாடாமல்லி, அரக்கு... பெயர்கள் காதுக்கு இனிமை. ஆனால் ஒவ்வொருத்தர் வீட்டு வெங்காயமும் ஒவ்வொரு நிறம். ஆகவே பெயரோடு துண்டு ஒன்றும் கொடுங்கள். பழைய புடவையின் ஓரம், ரிப்பன், நூல்கண்டு, எதுவானாலும் சரி. செல்போனில் போட்டோ அனுப்பினால் போதாதா என்பீர்கள். உங்கள் போனில் ஒரு நிறம், அவர் போனில் ஒரு நிறம். டியூப்லைட்டில் எடுத்த படம் என்றால் கேட்கவே வேண்டாம். துண்டைப் பகல் வெளிச்சத்தில் வைத்து இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள்.

இன்னொன்று. நூலாக இருக்கும்போது தெரியும் நிறம் வேறு, நெய்தபின் தெரியும் நிறம் வேறு. பாவு நீலமும் ஊடை பச்சையுமாக இருந்தால், இரண்டும் கலந்து மயில் கழுத்தாக மினுங்கும். "ஒரே நிறமா, இரண்டு சாயலா?" என்பதை எழுதிவிடுங்கள். கூடுமானால் சாயம் போட்ட நூலை, பாவு ஏற்றுமுன் ஒரு தடவை நேரில் பாருங்கள். அந்த ஒரு நடை பல ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றும்.

'எம்.எஸ். நீலம்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார், எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவுக்காக உருவாக்கித் தந்த நீலம். கேட்கிறவர், கட்டுகிறவர், நெய்கிறவர் எல்லோர் மனசிலும் ஒரே நிறம் நின்றால், அதற்கு ஒரு பெயரே நிலைத்துவிடுகிறது பாருங்கள்!

4. கரை, முந்தி, புட்டா

தாழம்பூ ரேக்கு, ருத்ராட்சம், மயில்கண், கோபுரம், யாளி, அன்னபட்சி, இருதலைப்பட்சி, மாங்காய், மல்லிமொக்கு, முத்துக்கட்டம். வரதராஜப் பெருமாள் கோயில் தூண்களைச் சுற்றி வந்தால் இவற்றில் பலவற்றைக் கல்லில் பார்க்கலாம். அங்கே பார்த்ததை அப்படியே புடவையில் கேட்டால் என்ன? கேட்கலாம், ஆனால் புது டிசைன் என்றால் முதலில் கிராப் தாளில் கட்டம் கட்டமாகப் போட்டு, பிறகு ஜக்கார்டு அட்டை குத்த வேண்டும். ஒரே ஒரு புடவைக்கு அந்தச் செலவு தாங்காது. அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் டிசைன்களைக் காட்டச் சொல்லி, அதிலிருந்து கரை ஒன்று, முந்தி ஒன்று என்று பொறுக்கிச் சேர்ப்பதுதான் கட்டுப்படியாகும் வழி.

பாட்டி புடவை இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள். அதைவிட நல்ல சீட்டு கிடையாது. 1936-ல் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கிய கலாக்ஷேத்ராவின் நெசவுக்கூடம், பழைய புடவைகளின் கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் மீண்டும் தறிக்குக் கொண்டுவந்ததால்தான் அவற்றில் பல இன்றும் பிழைத்திருக்கின்றன. "இந்தக் கரை அப்படியே, முந்தி மட்டும் இதைவிடச் சின்னதாக" என்று பாட்டி புடவையைத் தொட்டுக் காட்டிவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

5. ஜரிகை

பட்டுநூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து வருகிறது. நல்ல ஜரிகை என்பது பட்டிழையில் வெள்ளிக்கம்பி சுற்றி, பொன்முலாம் பூசியது. ஆகவே வெள்ளி விலை ஏறினால் புடவை விலையும் ஏறும். "ஒரிஜினல் ஜரிகையா, டெஸ்டட் ஜரிகையா" என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் சீட்டிலும் பில்லிலும் எழுதி வாங்குங்கள். சுரண்டினால் உள்ளே சிவப்பு இழை தெரிய வேண்டும் என்பது பாட்டிமார் சோதனை. இப்போது போலியிலும் சிவப்பு இழை வைக்கிறார்கள். வெள்ளி எவ்வளவு என்பதை மெஷினில் சோதித்துப் பார்க்கும் வசதி காஞ்சிபுரத்தில் உண்டு, கேளுங்கள்.

சுத்தப் பட்டுக்கு 2004-ல் வந்த சில்க் மார்க், கைத்தறிக்கு 2006-ல் வந்த ஹேண்ட்லூம் மார்க் இரண்டும் இருக்கிறதா பாருங்கள். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

6. பணமும் தேதியும்

கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை மறைக்காதீர்கள். "விலையைப் பத்திக் கவலையில்லே" என்று பெருமைக்குச் சொல்லிவிட்டு, பில்லைப் பார்த்து முகம் சுளிப்பது நமக்கும் அழகில்லை, அவர்களுக்கும் கஷ்டம். தொகையைச் சொன்னால் எங்கே ஜரிகையைக் குறைக்கலாம், எங்கே குறைக்கக்கூடாது என்று அவரே வழி சொல்வார். முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது, பிடிக்காவிட்டால் யார் பொறுப்பு என்பதையும் எழுதிவிடுங்கள். சீட்டில் எழுதினபடி இல்லையென்றால் அவர் பொறுப்பு. எழுதினபடி இருந்தும் நமக்கு மனசு மாறினால், நம் பொறுப்பு.

தேதியைக் கல்யாண நாளாகக் கொடுக்காதீர்கள். ரவிக்கை தைக்க, முந்தி முடிச்சுப் போட, மூன்று வாரம் முன்னதாகச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறியில் ஈரம் ஊறும், நூல் நமுத்துப்போகும், சாயநூல் காயாது. தை மாதக் கல்யாணத்துக்கு ஆடி, ஆவணியிலேயே சொல்லிவிடுவது உத்தமம்.

7. சொல்வது ஒருவர்தான்

இதுதான் முக்கியம். இன்றைக்கு அம்மா போன் செய்து "கரை பச்சை", நாளைக்கு அத்தை "சிவப்பே இருக்கட்டும்", அடுத்த நாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு சேதி. பாவம், அந்த மனிதர் யார் சொல்வதைக் கேட்பார்? வீட்டில் உட்கார்ந்து முதலில் சண்டை போட்டு முடித்துவிடுங்கள். கட்டப்போகிற பெண்ணையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அதைத்தான் பல வீட்டில் மறந்துவிடுகிறார்கள்! பிறகு ஒருவர் மட்டும் பேசுங்கள்.

அதோடு, எது மாறக்கூடாது, எதை அவர் இஷ்டத்துக்கு விடலாம் என்று பிரித்து எழுதுங்கள். எல்லாவற்றையும் நாமே இழுத்துக் கட்டினால் அவர் கைக்கு வேலையில்லை. எல்லாவற்றையும் "நீங்களே பாருங்க" என்று விட்டால் என் கதைதான்.

மாதிரிக்கு, மூன்று வருஷத்துக்கு முன் என் பெண் கல்யாணத்துக்கு நான் எழுதின சீட்டு இதோ:

*முகூர்த்தப் புடவை, ஆறு கஜம், ரவிக்கைத் துண்டு சேர்த்து. பெண் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம், ஒல்லி. சித்திரையில் கல்யாணம், மூன்று மணி நேரம் ஹோமம், எடை குறைவாக வேண்டும். உடம்பு: இத்துடன் உள்ள துண்டின் அரக்கு, பாவும் ஊடையும் ஒரே நிறம். கரை: கோர்வை, இலைப்பச்சை, மேலே இரண்டு அங்குலம், கீழே நான்கு அங்குலம், தாழம்பூ ரேக்கு. முந்தி: பச்சை, உங்களிடம் உள்ள டிசைனில் எதுவானாலும் சரி, யானை மட்டும் வேண்டாம். உடம்பில் சின்னப் புட்டா, இடைவெளி உங்கள் இஷ்டம். ஒரிஜினல் ஜரிகை. மாசி முடிவதற்குள் வேண்டும். சாயநூலை நான் வந்து பார்த்தபின் பாவு ஏற்றவும்.*

அரைப் பக்கம்தான். இதை எடுத்துக்கொண்டு எந்த வீட்டுக்குப் போனேன் என்று நினைக்கிறீர்கள்? அதே பிள்ளையார்பாளையத்து வீட்டுக்கு. வாசலில் நிற்காமல் உள்ளே போய் உட்கார்ந்தேன். அவருக்குத் தலை நரைத்திருந்தது. சீட்டை இரண்டு தடவை படித்தார். "யானை ஏம்மா வேண்டாம்?" என்று கேட்டார். "பெண்ணுக்குப் பிடிக்காது" என்றேன். சிரித்துவிட்டார். அவர் வீட்டம்மா மோர் கொண்டுவந்து வைத்தாள். பழைய கதையை நானே எடுத்தேன். அன்று குறைந்த பணத்தையும் இந்த முன்பணத்தோடு சேர்த்து வைத்தேன். அவள் வாங்க மறுத்தாள். "வாங்கிக்கம்மா, என் மனசு ஆறட்டும்" என்ற பிறகுதான் வாங்கினாள்.

மாசிக் கடைசியில் புடவை வந்தது. முந்தியில் யானை இல்லை. அதற்குப் பதில் வரிசையாக அன்னபட்சி. அது அவர் இஷ்டம், நான் விட்டுவைத்த இடம். புடவையில் எல்லோரும் முதலில் தொட்டுப் பார்த்தது அந்த முந்தியைத்தான்.

ராணிப்பேட்டை சகோதரி, இன்றே ஒரு காகிதம் எடுங்கள். முதல் வரியில் உங்கள் பெண்ணின் உயரத்தை எழுதுங்கள். மற்றதெல்லாம் தானாக வரும். கல்யாணம் நல்லபடி நடக்கட்டும். புடவை எப்படி வந்தது என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.